மனசுக்கு முதலுதவி: பேரிடர் முடிந்த முதல் சில நாட்கள்

புயலோ வெள்ளமோ அடித்து ஓய்ந்த மறுநாள். ஊரே கல்யாண மண்டபத்தில் தங்கியிருக்கிறது. ஓரமாக ஒரு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். காலையில் வி.ஏ.ஓ. வந்து விவரம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். பிறகு டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். கட்சிக்காரர் ஒருவர் விசாரித்துவிட்டு, கூட நின்று படமும் எடுத்துக்கொண்டார். இப்போது நோட்டும் பேனாவுமாக ஒரு வாலண்டியர் வந்து எதிரே அமர்கிறார்: "என்னம்மா நடந்துச்சு? மனசுல இருக்கறதை எல்லாம் கொட்டிடுங்க, பாரம் இறங்கும்."

நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனாலும் அந்த நேரத்தில் செய்யக்கூடாத காரியம் அதுதான். அப்படியானால் செய்யவேண்டியது எது? அதற்குப் பெயர் உளவியல் முதலுதவி. பேரிடர் கால உளசமூக ஆதரவின் முதல் படி அது.

'உளசமூகம்' என்ற சொல் தமிழ்நாட்டில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. இலங்கையில் போரும் சுனாமியும் அதைப் பழக்கப்படுத்திவிட்டன. மனசு தனியாக அந்தரத்தில் இல்லை என்பதே அதன் பொருள். படகு போனவருக்குக் கடன்காரன் முகம் கண்ணில் நிற்கிறது. கழிப்பறைக்குக் கதவில்லாத முகாமில் இருக்கும் பெண்ணுக்கு இரவு தூக்கம் வராது. இவர்களுக்கு மனசைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. நம்மூரில் எதற்கெடுத்தாலும் 'கவுன்சலிங்' என்கிறோம். கவுன்சலிங் என்பது பயிற்சி பெற்றவர் பல வாரம் செய்யும் வேலை. முதலுதவி அதுவல்ல, ஓரிரு நாள் பயிற்சியோடு ஆசிரியர், செவிலியர், போலீஸ்காரர், சாப்பாடு பரிமாறுபவர் என யாரும் செய்யலாம்.

உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி

உயிருக்கு ஆபத்து என்று உணர்ந்ததும் உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வயிற்றைப் புரட்டும். ஆபத்து போன பிறகும் அந்த மணி உடனே நிற்பதில்லை. கதவு படாரென்று சாத்தினால் தூக்கிவாரிப்போடும். கண்ணை மூடினால் அதே காட்சி வரும். சிலர் கல்லாய்ச் சமைந்துவிடுவார்கள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. பக்கத்தில் இருப்பவர்கள் "கல்நெஞ்சுக்காரி" என்று முணுமுணுப்பதும் உண்டு. சிலர் சிரிப்பார்கள். சிலர் நிவாரணம் கொண்டுவந்தவர் மேலேயே எரிந்து விழுவார்கள். எல்லாவற்றையும் விட ஆளைத் தின்பது குற்ற உணர்வு: "கையை விட்டுட்டேனே."

முதல் வாரத்தில் இவை எல்லாமே இயல்பு. பெரும்பாலோருக்குப் பாதுகாப்பும் துணையும் கிடைத்துவிட்டால் சில வாரங்களில் தானாகத் தணிந்துவிடும். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்) என்று இன்று எல்லோரும் சொல்லும் நோயைக் கணிக்க, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. ஐந்தாம் நாளே முகாமில் கேள்வித்தாள் கொடுத்து 'இத்தனை பேருக்குப் பாதிப்பு' என்று கணக்கெடுப்பது, மாரத்தான் ஓடி முடித்தவருக்கு அந்த நிமிடமே நாடி பிடித்து இதயநோய் என்பது போல.

கொட்டச் சொன்னால் என்ன ஆகும்?

1983-ல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல் 'டீபிரீஃபிங்' என்ற முறையை முன்வைத்தார். ஆம்புலன்ஸ், தீயணைப்புப் பணியாளர்களுக்காக வந்தது அது. கோரமான சம்பவத்தைப் பார்த்தவர்களை அடுத்த சில நாட்களுக்குள் குழுவாக உட்காரவைத்து என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், எது மிகக் கொடுமையாக இருந்தது என்று படிப்படியாகச் சொல்லவைப்பார்கள். கேட்க நியாயமாகப் பட்டதால் காட்டுத்தீயாகப் பரவியது. விபத்தில் சிக்கியவர், தீக்காயம் பட்டவர், உறவை இழந்தவர் என எல்லோருக்கும் செய்யத் தொடங்கினார்கள்.

பிறகுதான் சோதித்துப் பார்த்தார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர்களை இரண்டாகப் பிரித்து பிரிட்டனில் ஜோனதன் பிஸ்ஸனும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 1997-ல் வெளியானது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, டீபிரீஃபிங் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கு பி.டி.எஸ்.டி.; பெறாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கு. முதல் குழுவினருக்குத் தொடக்கத்திலேயே பாதிப்பு சற்றுக் கூடுதலாக இருந்ததையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதவில்லை. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2002 மதிப்பாய்வும், ஒரே அமர்வில் செய்யும் டீபிரீஃபிங் நோயைத் தடுப்பதில்லை, கெடுதலும் செய்யலாம் என்றே முடித்தது. உலக சுகாதார நிறுவனமும் அதைச் செய்யாதீர்கள் என்கிறது.

படபடப்பு அடங்காத உடம்பை மறுபடியும் அதே காட்சிக்குள் தள்ளினால், ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறின மாதிரி நினைவு இன்னும் ஆழமாகப் பதியக்கூடும் என்பது ஒரு விளக்கம். மறப்பதும் மரத்துப்போவதும் சிலருக்கு அந்த நேரத்துக் கவசம். அதை உருவிவிடுகிறோம் என்பது இன்னொன்று.

இதை வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழ வருகிறவரையும் "அதைப் பத்திப் பேசாதீங்க" என்று அடக்கிவிடக் கூடாது. அவராகப் பேசினால் மணிக்கணக்கில் கேட்கலாம். பேச்சைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவர் கையில் இருக்கவேண்டும். "அலை எவ்வளவு உயரம் வந்துச்சு? அப்ப குழந்தை எங்க இருந்துச்சு?" என்று நாம் கேட்டுத் தோண்டுவதுதான் தப்பு.

பார், கேள், இணை

2011-ல் உலக சுகாதார நிறுவனம் மற்ற இரு அமைப்புகளோடு சேர்ந்து களப்பணியாளருக்கான கையேடு ஒன்றை வெளியிட்டது. அதன் சாரம் இந்த மூன்று சொற்கள்.

பார் என்பதில் முதலில் பார்க்கவேண்டியது இடம்: நாம் நிற்கும் சுவர் இடியுமா, கம்பியில் கரண்ட் இருக்கிறதா. அடுத்து, தனியாக இருப்பவர் யார்: துணையில்லாத பிள்ளை, முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி. அழுகிறவரைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். சத்தமில்லாமல் இருப்பவரைத் தேடிப் போகவேண்டியது நம் வேலை.

மருந்தை விசாரிக்கப் பலரும் மறந்துபோகிறார்கள். வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் வீட்டோடு போயிருக்கும். வலிப்பு மாத்திரை சட்டென நின்றால் வலிப்பு திரும்பும். தினமும் குடித்துப் பழகியவருக்கு முகாமில் சரக்கு கிடைக்காது. இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, பூச்சி ஊர்வது போலத் தோன்றுவது, யாரோ கூப்பிடுவது போலக் கேட்பது என்று தொடங்கும். பார்க்கிறவர்கள் "அதிர்ச்சியில மூளை கலங்கிடுச்சு" என்பார்கள். அது மது நின்றதால் வரும் ஆபத்து. உயிரே போகலாம், ஆறுதல் சொல்லிக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

கேள் என்பதில் உட்காருவதே பாதி வேலை. அவர் தரையில் இருந்தால் நாமும் தரையில். நேர் எதிரே உட்கார்ந்தால் விசாரணை போல ஆகிவிடும்; சற்றுப் பக்கவாட்டில், கை எட்டும் தூரத்துக்கு அப்பால் அமரலாம். "என் பேரு இது, இந்த இடத்துலருந்து வர்றேன். கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரலாமாக்கா?" வேண்டாம் என்றால் எழுந்துவிடலாம், "நான் அந்தத் தூண்கிட்டதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு. முதல் கேள்வி நடந்ததைப் பற்றியல்ல, இப்போதைக்கு என்ன தேவை என்பது: "தண்ணி குடிச்சீங்களா? யாரையாவது தேடணுமா? போன் பண்ணணுமா?" தோளில் கைவைப்பதற்கும் முன் அனுமதி கேட்கவேண்டும், ஆண் பெண் இடைவெளி ஊருக்கு ஊர் வேறு.

மௌனம் வந்தால் பதறி நிரப்பத் தேவையில்லை. ஆறுதல் என்று நாம் அள்ளிவிடும் வாக்கியங்களில் பாதிக்கு மேல் நம் சங்கடத்தைப் போக்கிக்கொள்ளத்தான். "அழாதீங்க", "கடவுள் செயல்", "நீங்களாச்சும் தப்பிச்சீங்களே", "இன்னும் ரெண்டு புள்ளை இருக்குல்ல" இவையெல்லாம் துக்க வீட்டில் காலங்காலமாகச் சொல்லி வருபவைதான். பிள்ளையைப் பறிகொடுத்தவர் காதில் 'உன் துக்கம் பெரிசில்லை' என்றே விழும். "ரொம்பக் கொடுமைங்க. நான் இங்கதான் இருக்கேன்" போதும்.

மூச்சு முட்டிப் படபடப்பவருக்கு ஒரு சின்ன வழி உண்டு. இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். மூக்கு வழியாக மெல்ல மூச்சு இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடச் சொல்லி, நாமும் கூடவே செய்யவேண்டும். கண்ணை மூடச் சொல்லக் கூடாது. மூடினால் தண்ணீர்தான் தெரியும். ஆள் இருந்தும் இல்லாத மாதிரி வெறித்துப் பார்த்தால், சுற்றி என்ன தெரிகிறது என்று கேட்கலாம்: ஃபேன், நீலப் பாய், எவர்சில்வர் அண்டா. பெயர் சொல்லச் சொல்ல மனசு இந்த இடத்துக்கு வரும்.

இணை என்பது ஆளை உறவோடும், உதவியோடும், சரியான தகவலோடும் சேர்த்துவைப்பது. மூன்றிலும் தகவலைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தகவலும் ஒரு மருந்து

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் மிக அதிக உயிரிழப்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான், 6,000-க்கும் மேல். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மறுபடி அலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் எச்சரிக்கை வெளியானது. கரையோரம் முழுக்க மக்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நிவாரண வேலையும் நின்றது. அலை வரவில்லை. கொஞ்சம் அடங்கியிருந்த எச்சரிக்கை மணியை ஒரே அறிவிப்பு மறுபடியும் முழுச் சத்தத்தில் அடிக்கவைத்தது.

அதனால்தான் முகாமில் ஒரு கரும்பலகை பெரிய வேலை செய்கிறது. தேதி, நேரம், தெரிந்த விஷயம், இன்னும் தெரியாத விஷயம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. இவ்வளவையும் தினம் இரண்டு முறை, அதே நேரத்தில், அதே ஆள் எழுதவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லவேண்டும். கணவரைத் தேடும் பெண்ணிடம் "கண்டிப்பாக் கிடைச்சிடுவாரு" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. "தேடிட்டிருக்காங்க. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிப் பட்டியல் வரும். நான் பாத்துட்டு வந்து சொல்றேன்." ஆறு மணிக்குப் பட்டியல் வராவிட்டாலும் போய், "இன்னும் வரலக்கா" என்று சொல்லவேண்டும். எல்லாமே கைநழுவிப்போன நாளில், சொன்ன நேரத்துக்கு ஒருவர் வந்து நிற்பதே பிடித்துக்கொள்ள ஒரு கம்பு.

சாப்பாட்டு வரிசையும் சிகிச்சைதான்

ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த நிலைக்குழு ஒன்று 2007-ல் தந்த வழிகாட்டியில் ஒரு பிரமிடு உண்டு. அடியில், எல்லோருக்கும் தேவையான பாதுகாப்பும் அடிப்படை வசதியும். அதற்கு மேல் குடும்பம், சமூகத் துணை. அதற்கும் மேல், உளவியல் முதலுதவி போல, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர் தரும் ஆதரவு. உச்சியில் சிலருக்கு மட்டும் மனநல நிபுணர். நம் நடைமுறையோ தலைகீழ். உச்சிக்கு ஆள் தேடிக்கொண்டு அடித்தளத்தை விட்டுவிடுகிறோம்.

எல்லோரையும் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்கவைத்து, லாரியிலிருந்து பொட்டலத்தை வீசுவது ஒரு முறை. குடும்பத்துக்கு ஒரு டோக்கன், டோக்கனில் நேரம், நிற்க முடியாதவருக்குத் தனி வழி என்பது இன்னொரு முறை. அரிசி அதே அரிசிதான். முதல் முறையில், நேற்று வரை சொந்தமாக உலை வைத்தவர் கையேந்துபவராகிறார். பழைய துணி மூட்டையைக் குப்பைபோலக் கொட்டுவதும் அப்படித்தான். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள், போகும் வழியில் விளக்கு, நாப்கினைப் பெண்ணே பெண்ணுக்குக் கொடுப்பது, இவையெல்லாம் மனநல வேலைகள்தான். சுனாமி நிவாரணத்தில் தலித் மக்களும் இருளர்களும் ஒதுக்கப்பட்டது அப்போதே பதிவானது. முகாமில் தனிப்பந்தி போட்டுவிட்டு ஆறுதல் சொல்லப் போவதில் அர்த்தமேயில்லை.

சமையல், துப்புரவு, பட்டியல் எழுதுவது போன்ற வேலைகளை முகாமில் இருப்பவர்களிடமே பிரித்துக் கொடுக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனசுதான் சுற்றிச் சுற்றி அங்கேயே போகும். இரவுக் காவலுக்கு இரண்டிரண்டு பேராக முறை போட்டால், "யாரோ முழிச்சிருக்காங்க" என்ற நம்பிக்கையில் மற்றவர்கள் தூங்குவார்கள். தூக்க மாத்திரையைவிட இது மேல். முதல் மாதத்தில் இந்த அதிர்ச்சிக்காக டயசிபாம் வகை மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. நல்லெண்ணத்தில் முகாமுக்கு முகாம் மாத்திரை அட்டை நீட்டுகிறவர்கள் கவனிக்கவேண்டும்.

உடலும் சடங்கும்

'பிணம் கிடந்தால் கொள்ளைநோய் வரும்' என்ற பயத்தில் அவசர அவசரமாக ஒரே குழியில் புதைப்பது பல பேரிடர்களில் நடந்திருக்கிறது, நாகையிலும் நடந்தது. இயற்கைப் பேரிடரில் காயத்தாலோ மூழ்கியோ இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோயைக் கிளப்புவதில்லை. ஆனால் அடையாளம் பார்க்காமல் புதைத்தால், 'எங்கயோ உயிரோட இருப்பானோ' என்ற நினைப்பு அந்த வீட்டை ஆண்டுக்கணக்கில் விடாது. ஒவ்வொரு உடலுக்கும் ஓர் எண், முகத்தின் படம், உடை, தாலி, மச்சம் பற்றிய குறிப்பு, புதைத்த இடம் ஆகியவற்றைப் பதிந்துவைக்கவேண்டும். அடையாளம் காட்ட வருபவரை ஒருபோதும் தனியாக அனுப்பக் கூடாது. உள்ளே போகுமுன் என்ன பார்க்கப் போகிறார், முகம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடவேண்டும். பார்க்க முடியாது என்றால் வற்புறுத்தக் கூடாது.

உடல் கிடைக்காவிட்டாலும் பதினாறாம் நாள் காரியம், அந்தியேட்டி, ஃபாத்திஹா, பூசை எதுவானாலும் அதற்கு இடமும் பொருளும் நேரமும் ஏற்பாடு செய்து கொடுப்பது உளசமூக ஆதரவில் சேர்த்திதான். ஒப்பாரிக்கு நம் சமூகத்தில் ஓர் இடம் இருக்கிறது. பெண்கள் கூடி அழுகிற இடத்தில் போய் மைக் பிடித்து 'ரிலாக்சேஷன்' நடத்த வேண்டாம்.

பிள்ளைகள்

விட்டுப்போன பழக்கம் திரும்பும்: பாயில் சிறுநீர் போவது, விரல் சூப்புவது, அம்மாவின் முந்தானையை விடாதது. அடிக்கவோ கேலி செய்யவோ கூடாது. பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். மணலில் வீடு கட்டி 'அலை வருது' என்று இடித்து விளையாடினால் பெரியவர்கள் பதறுகிறார்கள். அது பிள்ளைகள் தங்கள் வழியில் ஜீரணிப்பது. நாள்கணக்கில் ஒரே விளையாட்டு, முகத்தில் சந்தோஷமே இல்லாமல் தொடர்ந்தால் மட்டும் கவனிக்கவேண்டும்.

இறப்பை மறைக்கக் கூடாது. "அப்பா தூங்குறாரு" என்றால் பிள்ளை தூங்கவே பயப்படும். "வெளியூர் போயிருக்காரு" என்றால், சொல்லாமல் விட்டுப் போய்விட்டாரே என்று நினைக்கும். பிள்ளைக்கு நெருக்கமான ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு, சின்ன வாக்கியத்தில், "அப்பா செத்துப்போயிட்டாரு, இனி வரமாட்டாரு, நீ எங்ககூட இருப்ப" என்று சொல்லலாம். பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் அதே பதில். கூரையில்லாவிட்டாலும் மரத்தடியில் பள்ளியைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது. மணி அடிப்பதும் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவதும் அவர்களுக்குப் பழைய உலகத்தை மீட்டுத் தரும். துணையில்லாத பிள்ளை இருந்தால் இந்தியாவில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லவேண்டும்.

எப்போது மேலே அனுப்புவது?

சாகவேண்டும் என்று பேசுபவர், தன்னையோ பிறரையோ காயப்படுத்த முனைபவர், நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறக்காதவர், கைக்குழந்தையைக் கவனிக்க முடியாத தாய், ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பியிருப்பவர். இவர்களை அன்றைக்கே, துணைக்கு ஆளோடு அனுப்பவேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. மற்றவர்களில் ஒரு மாதம் தாண்டியும் வேலைக்குப் போக முடியாமல், தூக்கமில்லாமல், குடி கூடிக்கொண்டே போகிறவர்களைத் தேடிப் பார்க்கவேண்டும். வாலண்டியர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகும் நேரமும் அதுவாகவே இருக்கும்.

அந்தக் கிளம்பும் வேலையைத்தான் பலரும் சொதப்புகிறார்கள். பத்து நாள் கூடவே இருந்து பிள்ளைகளோடு விளையாடிய அண்ணன் ஒரு காலையில் இல்லை. ஏற்கெனவே ஒருவர் சொல்லாமல் போன வீட்டுப் பிள்ளை அது. எந்தத் தேதி வரை இருப்போம் என்பதை வந்த அன்றே சொல்லவேண்டும். கடைசி மூன்று நாளும் நினைவுபடுத்தவேண்டும். போகுமுன், அடுத்துப் பார்த்துக்கொள்ளப்போகும் உள்ளூர் செவிலியரையோ அங்கன்வாடி அக்காவையோ கையோடு அழைத்துவந்து, ஒவ்வொரு பாயாக உட்கார்ந்து, பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டுப் போகவேண்டும்.